இதயக் கிருமிகளும் மருந்தின் பயணமும்

ஆஸ்திரிய இசைமேதை குஸ்தாவ் மாலர் 1911-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் நியூயார்க் நகரில் காய்ச்சலோடு மேடையேறி இசைக்குழுவை நடத்தினார். அதுவே அவருடைய கடைசி நிகழ்ச்சி. அவருடைய இதய வால்வில் குறை இருப்பது முன்பே தெரிந்திருந்தது. லிப்மன் என்ற மருத்துவரின் பொறுப்பில் அவருடைய இரத்தத்தை எடுத்து வளர்ப்பூடகத்தில் இட்டுப் பார்த்தார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா வளர்ந்தது. நோய் இன்னதென்று தெரிந்தது. ஆனால் மருந்து இல்லை. அதே ஆண்டு மே 18-ஆம் நாள் வியன்னா நகரில் மாலர் காலமானார். அப்போது அவருக்கு வயது 50.

இதயத்தின் உட்சவ்விலும் வால்வுகளிலும் கிருமிகள் குடியேறுவதால் வரும் இந்நோயை மருத்துவர்கள் எண்டோகார்டைட்டிஸ் என்பர். நாம் இதய உட்சவ்வு அழற்சி எனலாம். பெனிசிலின் வருமுன் இந்நோய் கண்டவர்களுள் பிழைத்தவர் மிகச் சிலரே. இன்று நிலைமை மாறிவிட்டது. ஆயினும் இந்நோயாளியைப் பார்க்கச் செல்பவர்கள் ஒரு கேள்வியை இன்றும் கேட்கிறார்கள்: "காய்ச்சல் மூன்றாம் நாளே நின்றுவிட்டதே! இன்னும் எதற்கு நான்கு வாரம் ஊசி? வீட்டுக்குப் போகக் கூடாதா?"

நியாயமான கேள்விதான். தொண்டைப் புண்ணுக்கும் நிமோனியாவுக்கும் சில நாட்களில் வேலையை முடித்துவிடும் மருந்து, இதயத்தில் மட்டும் ஏன் வாரக்கணக்கில் போராட வேண்டும்? கேள்வி மருத்துவத்தைச் சேர்ந்தது. ஆனால் விடையில் பெரும்பகுதி நம் இயற்பியல் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

கிருமி தங்கும் இடம்

நம் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 முறை துடித்து, சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. இவ்வளவு வேகமான ஓட்டத்தில் பாக்டீரியா எப்படி ஒட்டிக்கொள்ள முடியும்? பாயும் ஆற்றில் பாசி படியுமா?

நல்ல வால்வில் எளிதில் படியாது. வாதக்காய்ச்சலால் தடித்துப்போன வால்விலும், பிறவியிலேயே குறையுள்ள வால்விலும், செயற்கை வால்விலும்தான் பெரும்பாலும் படிகிறது. மூட வேண்டிய நேரத்தில் வால்வு சரியாக மூடாமற் போனால், சிறு இடுக்கு வழியாக இரத்தம் பீறிட்டுப் பின்னோக்கிப் பாய்கிறது. ஒடுங்கிய வழியில் பாயும் திரவத்தின் வேகம் கூடும்; வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். இது பெர்னூலி தேற்றம். இடுக்கைக் கடந்ததும் இரத்தம் சுழித்து ஓடும். ஆற்றுப் பாலத்தின் தூணுக்குப் பின்னால் சுழி ஏற்பட்டு அங்கே குப்பை ஒதுங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதுபோலவே கிருமிகளும் இடுக்கை அடுத்த இடத்தில் ஒதுங்குகின்றன.

1963-ஆம் ஆண்டு ராட்பார்ட் என்ற அறிஞர் இதனைச் சோதித்துக் காட்டினார். உட்புறம் அகார் பூசிய குழாய் ஒன்றில் நடுவே ஓர் ஒடுக்கத்தை அமைத்து, பாக்டீரியா கலந்த காற்றை அதன் வழியே செலுத்தினார். ஒடுக்கத்தை அடுத்து, அழுத்தம் குறைந்த பகுதியில், கிருமிக் கூட்டங்கள் வளையம்போல் வளர்ந்தன. இதயத்திலும் அப்படியே. இடக்கீழறைக்கும் இடமேலறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு ஒழுகினால், இரத்தம் பீறிட்டு வந்து விழும் மேலறைப் பக்கத்திலேயே கிருமிகள் படிகின்றன.

காயம்பட்ட வால்வின்மேல் இரத்தத் தட்டுகளும் ஃபைப்ரின் என்னும் நாரும் முன்பே மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். பல் ஈறிலிருந்தோ, தோற்புண்ணிலிருந்தோ இரத்தத்தில் கலந்த பாக்டீரியா அப்படலத்தில் சிக்கிக்கொள்கிறது, பெருகுகிறது. அதன்மேல் மேலும் ஃபைப்ரின் படிகிறது. மீண்டும் கிருமி, மீண்டும் ஃபைப்ரின். இவ்வாறு அடுக்கடுக்காக வளரும் கட்டியைக் கிருமிப் படிவு என்று அழைப்போம். சில படிவுகள் ஒரு மில்லிமீட்டரே இருக்கும். சில ஒரு சென்டிமீட்டரையும் தாண்டும். ஒரு கிராம் படிவில் 100 கோடிக்கும் மேற்பட்ட பாக்டீரியாக்கள் இருக்கக்கூடும்.

இங்கேதான் விந்தை. உடலிலேயே மிகுதியான இரத்தம் பாயும் இடம் இதயம். ஆனால் படிவுக்குள் ஓர் இரத்தக் குழாய்கூட இல்லை! மெல்லிய வால்வு இதழிலும் இரத்தக் குழாய்கள் அரிது. வெள்ளம் வாசலில் ஓடுகிறது. வீட்டுக்குள் குடிக்கத் தண்ணீர் இல்லை. நோய்க்கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களும் படிவுக்குள் அதிகம் நுழைவதில்லை. எனவே மருந்து தனியாகவே போரிட வேண்டும். கிருமியின் வளர்ச்சியை நிறுத்தி வைக்கும் மருந்து இங்கே போதாது. கொல்லும் மருந்தே வேண்டும். 1930-களின் பிற்பகுதியில் வந்த சல்ஃபா மருந்துகள் பல நோய்களை வென்றபோதும், இந்நோயில் பெரிதும் தோற்றதற்கு இது ஒரு காரணம்.

ஒழுகும் குடம்

மருந்தின் பயணத்தில் முதற் கட்டம் இரத்தம். ஊசிவழியே ஏற்றிய பெனிசிலின் இரத்தத்தில் எவ்வளவு நேரம் தங்கும்?

1941-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் ஃபுளோரியின் குழுவினர் கடுமையான தொற்றுக்கு ஆளான காவலர் ஒருவருக்குப் பெனிசிலின் செலுத்தினர். சில நாட்களிலேயே அவர் வியக்கத்தக்க வகையில் தேறினார். ஆனால் கையிலிருந்த மருந்தோ கொஞ்சம். அதுவும் சிறுநீரில் வேகமாக வெளியேறிக்கொண்டிருந்தது. அவருடைய சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்து பெனிசிலினைப் பிரித்தெடுத்து மறுபடியும் அவருக்கே செலுத்தினார்கள். அப்படியும் மருந்து தீர்ந்துபோயிற்று. நோய் மீண்டும் தலைதூக்கியது. மார்ச் மாதத்தில் அவர் இறந்தார்.

இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குச் செல்கிறது. அவை பெனிசிலினை வடிகட்டுவதோடு நிற்பதில்லை. அதனைத் தேடிப் பிடித்து வெளியேற்றுகின்றன. அதனால் சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களின் இரத்தத்தில் பெனிசிலினின் அளவு ஒவ்வோர் அரை மணிக்கும் பாதியாகிறது. கதிரியக்கப் பாடத்தில் அரை ஆயுட்காலம் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? அதே கணக்குத்தான் இது. அடியில் நுண்குழாய் பொருத்திய குடத்தில் நீர்மட்டம் உயர்ந்திருக்கும்போது ஒழுக்கு வேகமாக இருக்கும். மட்டம் இறங்க இறங்க ஒழுக்கும் குறையும். இரத்தமும் அத்தகைய குடமே.

ஒரு கணக்குப் போடுவோம். இந்நோய்க்கு நாளொன்றுக்கு 180 இலட்சம் யூனிட் பெனிசிலினை ஆறு வேளையாகப் பிரித்துத் தருவதாகக் கொள்வோம். அதாவது 4 மணிக்கு ஒருமுறை 30 இலட்சம் யூனிட். எடையில் ஏறத்தாழ 1.8 கிராம். உடலில் இம்மருந்து சுமார் 18 லிட்டர் நீர்மத்தில் கலப்பதாகக் கொண்டால், தொடக்கச் செறிவு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம். 4 மணி நேரம் என்பது எட்டு அரை ஆயுட்காலங்கள். எட்டு முறை பாதியானால் 256-இல் ஒரு பங்கு மிஞ்சும். ஆக, அடுத்த ஊசி போடும் நேரத்தில் இரத்தத்தில் எஞ்சுவது சுமார் 0.4 மைக்ரோகிராம்.

எளிதில் மடியும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளின் வளர்ச்சியைத் தடுக்க 0.12 மைக்ரோகிராமோ அதற்கும் குறைவோ போதும். அப்படியானால் நான்கு மணி நேரமும் மருந்தின் மட்டம் கோட்டுக்கு மேலேயே நிற்கிறது. இனி ஒரு வேளை ஊசி தவறிப்போனால்? அடுத்த ஒரு மணி நேரத்தில் 0.4 என்பது 0.1 ஆகிவிடும். மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். நள்ளிரவு 2 மணிக்கு நோயாளியை எழுப்பிச் செவிலியர் ஊசி போடுவது ஏன் என்று இப்போது விளங்கும்.

பெனிசிலினைப் பொறுத்தவரை, உச்சச் செறிவு எவ்வளவு என்பதைவிட, கோட்டுக்கு மேல் எவ்வளவு நேரம் நின்றது என்பதே முக்கியம். ஹாரி ஈகிள் என்ற அமெரிக்க அறிஞரின் ஆராய்ச்சிகள் 1940-களிலும் 1950-களிலும் இதனைத் தெளிவாக்கின. ஜென்டாமைசின் போன்ற மருந்துகளின் குணம் வேறு. அவற்றுக்கு உச்சச் செறிவு கூடக் கூடக் கொல்லும் வேகமும் கூடும். இவை ஒரே குழாயடியில் நிற்கும் இருவகைச் செடிகள் போன்றவை. ஒன்றுக்கு நாள் முழுதும் சொட்டு நீர் வேண்டும். மற்றொன்றுக்கு ஒரே பாய்ச்சல் போதும்.

சொட்டுச் சொட்டாய்

1940 அக்டோபரிலேயே நியூயார்க்கில் மார்ட்டின் ஹென்றி டாசன் என்ற மருத்துவர், தம் குழுவினர் தயாரித்த பெனிசிலினை இதய உட்சவ்வு அழற்சி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கிடைத்த மருந்து மிகக் குறைவு; பலன் கிட்டவில்லை. போர்க்காலத்தில் பெனிசிலின் அரிதாக இருந்தபோது, "இந்நோயில் அது பயன்படாது" என்ற எண்ணமும் பரவியது. உண்மையில் குறை மருந்திலன்று. கொடுத்த அளவிலும் காலத்திலும் இருந்தது.

புரூக்ளினில் லியோ லோவே என்ற மருத்துவர் வேறு வழியில் முயன்றார். சிவன் கோயிலில் இலிங்கத்தின் மேல் தாராபாத்திரம் தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். அதுபோல் மருந்தைச் சிரைவழியே இடைவிடாது சொட்டுச் சொட்டாக ஏற்றினார். குடம் ஒழுகும் வேகமும் சொட்டு விழும் வேகமும் சமமானால் நீர்மட்டம் மாறாது அல்லவா? பெனிசிலினோடு இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினையும் சேர்த்தார். 1944-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரையில், அடுத்தடுத்து வந்த ஏழு நோயாளிகள் குணமான செய்தி இருந்தது. மரணம் உறுதி என்று கருதப்பட்ட நோயில் இது பெரும் திருப்பம். பிற்காலத்தில் ஹெப்பாரின் தேவையில்லை என்று தெரிந்தது. போதிய பெனிசிலினைப் போதிய காலம் தருவதே வெற்றியின் காரணம் என்பது நிலைத்தது.

படிவின் உள்ளே

இரத்தத்தில் மருந்து இருந்தால் மட்டும் போதாது. குழாயே இல்லாத படிவின் மையத்துக்கு அது எப்படிச் செல்லும்? ஒரே வழிதான்: விரவல். மூலக்கூறுகள் தாமாகவே அங்குமிங்கும் அலைந்து, செறிவு மிக்க இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவ வேண்டும்.

விரவலுக்கு ஒரு கடுமையான சட்டம் உண்டு. தூரம் இருமடங்கானால் காலம் நான்கு மடங்காகும். தூரம் ஐந்து மடங்கானால் காலம் 25 மடங்காகும். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சைனாகிராஸ் என்று கடையில் விற்கும் கடற்பாசியைக் காய்ச்சி ஒரு கண்ணாடிக் குவளையில் உறைய வையுங்கள். மேலே சிறிது பேனா மை ஊற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் நிறம் எவ்வளவு ஆழம் இறங்கியது என்று அளவுகோலால் குறியுங்கள். இருமடங்கு ஆழம் இறங்க இரண்டு மணி நேரம் போதாது; ஏறத்தாழ நான்கு மணி நேரமாகும்.

பெனிசிலின் போன்ற சிறு மூலக்கூறு தண்ணீரில் 1 மில்லிமீட்டர் விரவ ஏறத்தாழ கால் மணி நேரம் பிடிக்கும். 5 மில்லிமீட்டர் ஆழத்துக்கு? 25 கால் மணி, அதாவது 6 மணி நேரத்துக்கும் மேல். ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள படிவின் மையம் அவ்வளவு ஆழத்தில்தான் இருக்கிறது. அதுவும் தண்ணீரில் போட்ட கணக்கு. நெருக்கமான ஃபைப்ரின் வலையில் இன்னும் தாமதமாகும். ஆனால் வெளியே இரத்தத்தில் மருந்து அரை மணிக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டிருக்கிறது! வாய்க்காலில் சிறிது நேரம் தண்ணீர் விட்டு அடைத்துவிட்டால் தலைமடை நனையும், கடைமடை காயும். அதே கதைதான். வேளை தவறாமல் பல நாள் மருந்து ஏற்றினால்தான் வெளியிலுள்ள ஏற்ற இறக்கங்கள் மங்கி, உள்ளே ஓரளவு நிலையான செறிவு ஏற்படும்.

எல்லா மருந்தும் ஒரே மாதிரி விரவுவதில்லை. பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர்கள், கதிரியக்கக் குறியிட்ட மருந்துகளை இந்நோய் உண்டாக்கப்பட்ட முயல்களுக்குச் செலுத்திப் படிவுகளைச் சீவி ஒளிப்படத் தகட்டில் பதித்துப் பார்த்தார்கள். 1989-இல் வெளிவந்த அம்முடிவுகள் தெளிவானவை. சில மருந்துகள் படிவு முழுதும் ஒரே சீராகப் பரவியிருந்தன. பெனிசிலின் விளிம்பில் மிகுந்தும் மையத்தில் குறைந்தும் காணப்பட்டது. டெய்க்கோபிளானின் என்னும் பெரிய மூலக்கூறோ விளிம்போடு நின்றுவிட்டது.

மூலக்கூறின் பருமன் மட்டுமன்று. இரத்தப் புரதத்தோடு அது எவ்வளவு பிணைகிறது என்பதும் முக்கியம். புரதத்தோடு ஒட்டிய மருந்து படிவுக்குள் நுழையாது, கிருமியைக் கொல்லாது. பிணையாத பகுதியே வேலைக்கு ஆகும். செஃப்ட்ரையாக்சோன் என்ற மருந்தில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குப் புரதத்தோடு பிணைந்திருக்கும். ஆனால் அதன் அரை ஆயுட்காலம் சுமார் 8 மணி நேரம். அதனால் நாளுக்கு ஒரே ஊசி போதுமானதாகிறது.

உறங்கும் பகைவர்

மருந்து மையத்தை எட்டிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அங்கே இன்னொரு சிக்கல். உணவு எட்டாத ஆழத்தில் பாக்டீரியாக்கள் பெருகுவதை நிறுத்தி உறங்கிக் கிடக்கின்றன. பெனிசிலின் என்ன செய்கிறது? பாக்டீரியா தன் சுவரைக் கட்டும்போது கல்லோடு கல் பிணையாமல் தடுக்கிறது. கட்டிக்கொண்டிருக்கும் சுவர்தான் சரியும். கட்டி முடித்து உள்ளே உறங்குபவனுக்கு அதனால் ஆபத்தில்லை. அவன் விழித்து மறுபடி கட்டத் தொடங்கும் நாள்வரை மருந்து வாசலில் காத்திருக்க வேண்டும்.

என்டெரோகாக்கஸ் என்னும் வகையைப் பெனிசிலின் தனியே கொல்வதில்லை. வளராமல் நிறுத்துகிறது, அவ்வளவே. அதனோடு ஸ்ட்ரெப்டோமைசினையோ ஜென்டாமைசினையோ சேர்த்தால், பெனிசிலின் பலவீனப்படுத்திய சுவரின் வழியே இரண்டாவது மருந்து உள்ளே புகுந்து கொல்கிறது. ஒருவர் கதவை நெம்ப, மற்றவர் உள்ளே பாய்வது போன்ற கூட்டு முயற்சி இது.

இப்போது நம் முதற் கேள்விக்கு வருவோம். படிவில் 100 கோடி கிருமிகள் இருப்பதாகவும், மருந்து நாளுக்குப் பத்தில் ஒன்பது பங்கைக் கொல்வதாகவும் கொள்வோம். மூன்று நாளில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 10 இலட்சம் எஞ்சும். 99.9 விழுக்காடு மாண்டுவிட்டதால் காய்ச்சல் நின்றுவிடும், நோயாளி எழுந்து உட்கார்வார், பசிக்கும். ஆனால் 10 இலட்சம் பேர் உள்ளே இருக்கிறார்கள். அன்றே மருந்தை நிறுத்தினால், அவை பத்து முறை இரட்டித்தால் 1,024 மடங்காகும். மறுபடியும் 100 கோடி! உறங்கும் கிருமிகள் இன்னும் மெதுவாகவே மடிவதால் உண்மையில் காலம் மேலும் நீளும். வழக்கமாக 4 முதல் 6 வாரம் என்று மருத்துவர்கள் சொல்வதன் பொருள் இதுவே. காய்ச்சல் நிற்பது போரின் தொடக்கத்தில் கிடைக்கும் வெற்றிதான், முடிவன்று.

குடத்தின் துளை அடைத்தால்

இத்தனை நேரம் சிறுநீரகம் நன்றாக இருப்பதாகக் கொண்டே பேசினோம். இந்நோயில் அதுவும் உறுதியன்று. வால்வு கெட்டு இதயம் தளர்ந்தால் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. நோயின் விளைவாகவே சிறுநீரகம் அழற்சியுறுவதும் உண்டு. அப்போது குடத்தின் துளை அடைபடுகிறது. அரை மணி என்றிருந்த அரை ஆயுட்காலம் பல மணி நேரமாக நீள்கிறது. முன்பு சரியாக இருந்த அதே அளவு இப்போது மிகையாகிறது. பெனிசிலின் மிக அதிகமாகத் தேங்கினால் வலிப்பு வரக்கூடும். ஜென்டாமைசின் தேங்கினால் சிறுநீரகமும் செவியும் பழுதாகும். இன்னொரு பக்கம், இதயம் தளர்ந்தவரின் உடலில் நீர் கோத்துக் குடமே பெரிதாவதால், சில மருந்துகள் நீர்த்தும் போகின்றன. இதனால்தான் அடிக்கடி இரத்தம் எடுத்துக் கிரியாட்டினின் அளவையும், ஜென்டாமைசின், வாங்கோமைசின் ஆகியவற்றின் மட்டத்தையும் அளக்கிறார்கள். "எத்தனை தடவைதான் இரத்தம் எடுப்பார்கள்!" என்று சலித்துக்கொள்ள வேண்டாம். அளவுகோல் இல்லாமல் குடத்தின் மட்டத்தை அறிய முடியாது.

மருந்து முழுதும் ஊசியாகவே இருக்க வேண்டுமா? டென்மார்க்கில் நிலைமை சீரான 400 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2019-இல் அச்சில் வந்தது. குறைந்தது 10 நாள் ஊசி மருந்து பெற்றபின், ஒரு பகுதியினர் ஊசியிலேயே தொடர்ந்தனர். மற்றவர்கள் மாத்திரைக்கு மாற்றப்பட்டனர். மாத்திரைக் குழுவினர் எவ்வகையிலும் பின்தங்கவில்லை. ஆனால் அம்மாத்திரைகள் இரண்டு மருந்துகளாக, அளவு கணக்கிட்டு, மருத்துவர் கண்காணிப்பில் தரப்பட்டவை. காலம் குறைக்கப்படவில்லை; வழி மட்டுமே மாறியது. வால்வு மிகவும் சிதைந்தவர்களுக்கு அறுவைச் சிகிச்சையும் தேவைப்படும்.

நாம் செய்ய வேண்டியவை

வாதக்காய்ச்சலால் வால்வு பழுதான பிள்ளைகளும் பெரியவர்களும் நம் நாட்டில் ஏராளம். அத்தகையோர் வீட்டில் இருந்தால் சில செய்திகளை மனத்தில் இருத்துங்கள்.

வால்வுக் குறை உள்ளவருக்குக் காய்ச்சல் ஒரு வாரத்துக்கும் மேல் நீடித்தால், கடையில் தாமே ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. இரண்டு மூன்று மாத்திரைகள் நோயைத் தீர்க்கா. ஆனால் இரத்தத்தில் மிதக்கும் கிருமிகளை மறைத்துவிடும். பிறகு சோதனையில் கிருமி வளராது; எந்த மருந்து பொருந்தும் என்று மருத்துவருக்குத் தெரியாமற் போகும். முதலில் இரத்தச் சோதனை, பிறகே மருந்து.

பல்லையும் ஈறையும் தூய்மையாக வைத்திருங்கள். அதுவே கிருமி நுழையும் முக்கிய வாசல். செயற்கை வால்வு பொருத்தியவர்களும், இந்நோய் முன்பே வந்து தேறியவர்களும் பல் பிடுங்குமுன் அதைப் பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாக ஒரு வேளை மருந்து தருவார்கள். கிருமி இரத்தத்தில் நுழையும் வேளையில் மருந்தின் மட்டம் உயர்ந்திருக்க வேண்டும் என்பதே அதன் கணக்கு.

மாலரின் இரத்தத்தில் கிருமியைக் கண்ட மருத்துவர்களிடம் அறிவு இருந்தது; மருந்து இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு காவலருக்கு மருந்து இருந்தது. போதிய அளவு இல்லை. இன்று நம்மிடம் இரண்டும் உண்டு. மூன்றாவதாக வேண்டுவது பொறுமை. அடுத்த முறை மருத்துவமனையில் யாரேனும் "காய்ச்சல்தான் நின்றுவிட்டதே" என்று கிளம்ப முயன்றால், அவர் அருகில் அமர்ந்து ஒழுகும் குடத்தையும், காயும் கடைமடையையும், எஞ்சி நிற்கும் 10 இலட்சத்தையும் எடுத்துச் சொல்லுங்கள். அவர் தங்கியிருக்கச் சம்மதிக்கக்கூடும். அதனால் ஓர் உயிர் பிழைக்கவும் கூடும்.